கழுகு இறக்கையின் நரம்புகள்: மனிதக் கையின் படத்தை நீட்டி வரைந்தால் போதுமா?

#1 கோட்டோவியன்
எல்லோருக்கும் வணக்கம். நான் ஓவியன், உயிரியல் படித்தவன் இல்லை. இரைகொல்லிப் பறவைகளின் உடலமைப்பைப் பற்றி ஒரு பெரிய சுவரொட்டி வரைந்துகொண்டிருக்கிறேன். எலும்பு முடிந்தது, தசை முடிந்தது, இறகு வரிசையும் முடிந்தது. இப்போது நரம்பில் மாட்டிக்கொண்டேன். கிடைத்த படங்களெல்லாம் கோழி, புறா, இல்லையென்றால் மனிதக் கை. மனிதக் கையில் ரேடியல், மீடியன், அல்னார் என்று மூன்று பெரிய நரம்புகள் காட்டுகிறார்கள். பறவைக்கும் இதே பெயர்கள்தான் என்கிறார்கள். அப்படியானால் மனிதக் கையின் படத்தையே கொஞ்சம் நீட்டி, விரல்களைக் குறைத்துப் போட்டுவிடலாமா?

இன்னொரு சந்தேகம். விரித்த இறக்கையின் புகைப்படங்களில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை, முன்விளிம்பை ஒட்டி ஒரு தடித்த வெள்ளைக் கோடு தெரிகிறது. அதை முதன்மை நரம்பு என்று வைத்து மஞ்சள் தீட்டிவிட்டேன். முழங்கைக்குக் கீழே நீலமாக ஒரு நரம்பு ஓடுகிறது, அதுவும் படத்தில் இருக்கிறது. சரியா?

#2 தொங்கும்இறக்கை
இரண்டுமே நரம்பு இல்லை நண்பரே.

வெள்ளைக் கோடு தசைநாண். தோளிலிருந்து மணிக்கட்டு வரை முக்கோணமாக ஒரு தோல் மடிப்பு இருக்கிறதல்லவா, புரோபடேஜியம் என்போம், அதன் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் நாண் அது. நீலக் கோடு ரத்தக் குழாய், அதாவது சிரை. நான் வேலை செய்யும் பறவைகள் சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் அதில்தான் ரத்தம் எடுப்போம். நீங்கள் தேடும் நரம்பு அந்தச் சிரைக்குப் பக்கத்திலேயே, தமனியோடு சேர்ந்து, வெளிறிய நூல் மாதிரி ஓடும். தோல் வழியாகப் பார்த்தால் சட்டென்று கண்ணில் படாது.

#3 குறுக்குக்கேள்வி
ஓவியரைக் குறை சொல்லிப் பயனில்லை, தமிழைத்தான் சொல்ல வேண்டும். "கையில் நரம்பு புடைத்திருக்கிறது" என்றால் ரத்தக் குழாய். "நரம்பில் ஊசி போட்டார்கள்" என்றாலும் ரத்தக் குழாய். "கழுத்தில் நரம்பு பிசகிவிட்டது" என்றால் தசையோ நாணோ. யாழில் இருப்பதும் நரம்பு, இலையில் இருப்பதும் நரம்பு, தும்பி இறக்கையில் இருப்பதும் நரம்பு. மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் ஒன்றும் இந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்துகொண்டது. அவர் மஞ்சள் தீட்டாமல் என்ன செய்வார்.

#4 பழைய_வாத்தியார்
குறுக்குக்கேள்வி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. உடற்கூறு வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் முதல் அரைமணி நேரம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே போய்விடும். மாணவர்கள் கத்தரியை வைத்துக்கொண்டு, "சார், இது நரம்பா, நாணா?" என்று நிற்பார்கள். இரண்டும் வெள்ளை, இரண்டும் பளபளப்பு.

அதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. தளர்ந்து கிடக்கும் நரம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதன் மேல் குறுக்காக வெளிச்சமும் நிழலுமாய், ரிப்பனைச் சுற்றியது போல, மெல்லிய வரிகள் தெரியும். இரண்டு இடுக்கிகளால் மெதுவாக இழுங்கள், வரிகள் மறைந்துவிடும். விட்டால் திரும்ப வரும். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான பெலிசே ஃபோன்டானா இதைக் கவனித்து எழுதினார், இன்றும் ஃபோன்டானா வரிகள் என்றே பெயர். நரம்புக்குள் இருக்கும் இழைகள் அலை அலையாக நெளிந்து கிடப்பதால் வருவது. தோளை மடக்கி விரிக்கும்போது நரம்பு அறுந்துபோகாமல் இருக்க அந்த நெளிவுதான் கைவசம் இருக்கும் நீளம். நாணும் மின்னும், ஆனால் தொட்டால் கயிறு மாதிரி விறைப்பாக இருக்கும், ஒரு முனை தசையிலும் மறு முனை எலும்பிலும் போய் ஒட்டியிருக்கும். நரம்பு அப்படி எலும்பில் முடியாது.

இனி உங்கள் முதல் கேள்வி. மனிதப் படத்தை நீட்டினால் பாதி சரியாக வரும், பாதி கெட்டுப்போகும். வேரிலிருந்து தொடங்குகிறேன்.

மனிதனுக்குக் கழுத்து முள்ளெலும்பு 7. கைக்குப் போகும் நரம்புப் பின்னலின் வேர்கள் கழுத்தின் ஐந்தாம் நரம்பிலிருந்து மார்பின் முதல் நரம்பு வரை, மொத்தம் 5. பறவைகளில் கழுத்தெலும்பின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். ஆந்தைக்கு 14, அன்னத்துக்கு இருபதைத் தாண்டும். அதனால் எத்தனையாவது நரம்பு என்று ஒரே எண்ணை எல்லாப் பறவைகளுக்கும் எழுத முடியாது. மாறாதது இடம்தான்: கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் சந்தி. அங்கே பொதுவாக 4 அல்லது 5 தடித்த வேர்கள் வெளியே வந்து, ஒன்றோடொன்று பின்னி, விலா எலும்புகளுக்கும் தோள் எலும்புகளுக்கும் நடுவே, அக்குளில் உட்கார்ந்திருக்கும். அக்குளுக்குள் காற்றுப்பையின் ஒரு கிளையும் நீண்டு வந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். மனிதனில் இல்லாத அண்டைவீட்டுக்காரர்.

அந்தப் பின்னலிலிருந்து இரண்டு கட்டுகள் கிளம்பும். முதுகுப்பக்கக் கட்டு ஒன்று, வயிற்றுப்பக்கக் கட்டு ஒன்று. இந்த இரண்டையும் இரண்டு நிறத்தில் தீட்டுங்கள், பாதி வேலை முடிந்தது. முதுகுப்பக்கக் கட்டு இறக்கையை விரிக்கிற ஆள். வயிற்றுப்பக்கக் கட்டு மடக்குகிற ஆள், இறக்கையைக் கீழ்நோக்கி அடிக்கிற ஆளும் அதுதான்.

#5 கோட்டோவியன்
வாத்தியார் ஐயா, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டு நிறம்! ஆனால் "பாதி கெட்டுப்போகும்" என்றீர்களே, எது கெட்டுப்போகும்?

#6 பழைய_வாத்தியார்
மார்பு.

மனிதக் கையின் படத்தில் மார்புத் தசைக்குப் போகும் நரம்புகள் ஒல்லியாக, ஓரத்தில் இரண்டு கோடுகளாக இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. பறவையில் பெக்டொராலிஸ்தான் உடம்பிலேயே பெரிய தசை. அதற்குப் போகும் நரம்பு தடித்த கட்டாக, பார்த்தவுடன் கண்ணில் படும்படி இருக்கும். நீங்கள் தோள் தொடங்கி விரல் வரை மட்டும் வரைந்தால், இறக்கையை அடிக்கிற நரம்பையே விட்டுவிட்டதாக ஆகிவிடும். ஆகவே சட்டகத்தை மார்பெலும்பு வரை விரியுங்கள்.

அப்புறம் இறக்கையைத் தூக்குகிற தசை. இதுவும் மார்பில்தான் இருக்கிறது, பெக்டொராலிஸுக்கு அடியில். பெயர் சுப்ராகோரகாய்டியஸ். மார்பில் இருக்கும் தசை எப்படிக் கையை மேலே தூக்கும்? அதன் நாண், கோரகாய்டு (தோளை மார்பெலும்போடு இணைக்கும் எலும்பு), தோள்பட்டை எலும்பு, கவட்டெலும்பு (கழுத்தடியில் இருக்கும் V வடிவ எலும்பு) மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் ஒரு துளை வழியாக மேலேறி, மேற்கை எலும்பான ஹியூமரஸின் முதுகுப்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. கிணற்றுக் கப்பி மாதிரி, கீழ்நோக்கி இழுத்தால் மறுமுனை மேலே வரும். இதற்கான நரம்பு பின்னலின் முன்பகுதியிலிருந்து சீக்கிரமே தனியாகப் பிரிந்துவிடும். சில பறவைகளில் கோரகாய்டு எலும்பிலேயே இந்த நரம்புக்கென்று ஒரு சிறு துளை உண்டு. மனிதப் படத்தில் இதற்கு இணையாக எதையும் தேடாதீர்கள்.

#7 பைரிப்பித்தன்
நான் பறவை பார்க்கிறவன், அறுத்துப் பார்த்தவன் இல்லை. ஒரு ஐயம். பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, மணிக்கணக்கில் இறக்கையை அசைக்காமல் வட்டமிடுகிறது. பைரி (ஃபால்கன்) மேலிருந்து விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் நரம்பு அமைப்பு வேறு வேறாகத்தானே இருக்க வேண்டும்? "இரைகொல்லிப் பறவை" என்று ஒரே படம் போட்டால் அது நியாயமா?

#8 தொங்கும்இறக்கை
கம்பிகள் ஏறக்குறைய ஒன்றேதான், விளக்குதான் வேறு.

கிளைகள் பிரியும் இடம், வேர்களின் எண்ணிக்கை, தடிமன் இவற்றில் இனத்துக்கு இனம் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. ஆனால் முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம், ரேடியல், மீடியன், அல்னார் என்ற அடிப்படைத் திட்டம் புறாவிலும் அதுதான், பொன்னாங்கழுகிலும் அதுதான். மாறுவது தசை. அமெரிக்காவின் வான்கோழிப் பாறுவில் பெக்டொராலிஸின் ஆழத்தில் ஒரு தனி அடுக்கு இருக்கிறது, அதில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் தாங்கும் இழைகள் உண்டு. இறக்கையைப் படுக்கை மட்டத்தில் பிடித்து வைத்துக்கொள்ள அது போதும், பெரிய தசை முழுவதையும் எரிக்க வேண்டியதில்லை.

#9 குறுக்குக்கேள்வி
அதற்கு மேல் ஒரு குட்டு வைக்கிறேன். "இரைகொல்லிப் பறவைகள்" என்பது ஒரு குடும்பமே இல்லை. பைரி, கழுகு என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். மரபணு ஆய்வுகளின்படி பைரியின் இனம் கழுகுகளைவிடக் கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்கும்தான் நெருக்கம். 2008-இல் வந்த பெரிய மரபணு மரம் இதைப் பலமாகச் சொன்ன பிறகு பலரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆக, கழுகையும் பைரியையும் ஆந்தையையும் ஒரே படத்தில் போட்டால், பொதுவாகக் காட்டுவது "பறவை" என்பதைத்தான். வேட்டை என்பது தொழில், சாதி இல்லை.

#10 பைரிப்பித்தன்
பைரி கிளிக்குச் சொந்தமா! பெயரை மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

#11 கோட்டோவியன்
ஒரே பறவையை எடுத்துக்கொண்டு அதன் பெயரைப் போட்டுவிடுகிறேன், பஞ்சாயத்து முடிந்தது. இப்போது ரேடியல் நரம்பு. மனிதனில் அது மேற்கை எலும்பைப் பின்னால் சுற்றிக்கொண்டு வருகிறது. பறவையிலும் அப்படித்தானா?

#12 தொங்கும்இறக்கை
ஆமாம், என் தலைவலியும் அங்கேதான்.

முதுகுப்பக்கக் கட்டிலிருந்து கிளம்பி, ஹியூமரஸுக்குப் பின்னால் ட்ரைசெப்ஸ் தசைகளின் நடுவே நுழைந்து, எலும்பைச் சுற்றி வெளிப்பக்கமாக, அதாவது இறக்கையை விரித்து வைத்தால் மேல்பக்கமாக வந்து, முழங்கையைத் தாண்டி, முன்கையின் விரிக்கும் தசைகளுக்குப் போகும். எலும்பைச் சுற்றுகிற அந்த இடத்தில் எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே இடைவெளி என்று சொல்ல ஒன்றும் இல்லை. பறவையின் ஹியூமரஸ் உள்ளே காற்று நிறைந்த குழல், சுவர் மெல்லியது. உடைந்தால் கண்ணாடிக் குழாய் உடைந்த மாதிரி கூர்மையான முனைகள் வரும். வாகனத்தில் மோதி வந்த பறவை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுக்கிறீர்கள், பயத்தில் அது இறக்கையை அடிக்கிறது, அந்த இரண்டு நொடியில் உடைந்த முனை நரம்பை அறுத்துவிடலாம். அதனால்தான் எக்ஸ்ரே எடுப்பதற்கும் முன்னால் இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம்.

அறுவை செய்யும்போதும் அதே கதை. மேல்பக்கத்திலிருந்து தோலைத் திறந்தால் முதல் வேலை கம்பி போடுவது இல்லை, ரேடியல் நரம்பைத் தேடிக் கண்டுபிடிப்பது. அதை ஈரப் பஞ்சால் நகர்த்திப் பாதுகாப்பாக வைத்த பிறகுதான் எலும்பைத் தொடுவோம்.

#13 புதுவரவு
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ரேடியல் நரம்பு போனால் பறவை என்ன செய்யும்? மீதி இரண்டு நரம்பு இருக்கிறதே, சமாளிக்காதா?

#14 பழைய_வாத்தியார்
நல்ல கேள்வி. விரிப்பதற்கு ஆள் இல்லை, மடக்குவதற்கு மட்டும் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ், மணிக்கட்டை விரிக்கும் முன்கைத் தசைகள், எல்லாம் ரேடியல் நரம்பின் கீழ். மனிதனில் இந்த நரம்பு கெட்டால் மணிக்கட்டு தொங்கிப்போகும், ஆனாலும் மறு கையால் சாப்பிடலாம், எழுதலாம். பறவைக்கு ஒரு இறக்கை அரையளவு விரிந்தாலும் பறத்தல் என்பது இல்லை.

இன்னொன்றும் உண்டு. பறவையில் முழங்கையும் மணிக்கட்டும் தனித்தனி இல்லை. முழுசாக இருக்கும் ஒரு இறந்த பறவையின் இறக்கையைக் கையில் எடுத்து முழங்கையை மட்டும் மெதுவாக நீட்டிப் பாருங்கள். நீங்கள் தொடாமலே மணிக்கட்டு தானாக விரியும். முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள், அதில் ரேடியஸ் அல்னாவை ஒட்டி வழுக்கிக்கொண்டு போய் மணிக்கட்டைத் தள்ளுகிறது, கூடவே நாண்களும் இழுக்கின்றன. முதல் தடவை பார்க்கிறவர்கள் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவார்கள், உயிர் வந்துவிட்டது என்று. இந்த ஏற்பாட்டால் உயிருள்ள பறவைக்குக் கையின் நுனியில் அதிகச் சதை தேவைப்படுவதில்லை, எடை உடம்புக்கு அருகிலேயே நிற்கும், நரம்பும் நுனிக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகும். ஓவியருக்கு: விரல் நுனியில் தடித்த கோடு போட்டுவிடாதீர்கள்.

ஆனால் அதே ஏற்பாடுதான் வினையும். முழங்கையை நீட்ட முடியவில்லை என்றால் மணிக்கட்டும் கூடவே போச்சு.

#15 கோட்டோவியன்
மீடியன், அல்னார்?

#16 பழைய_வாத்தியார்
வயிற்றுப்பக்கக் கட்டின் தொடர்ச்சி. மேற்கையில் இரண்டும் ஒரே நரம்பாகத்தான் வரும், மீடியனோஅல்னார் என்று சேர்த்தே சொல்வார்கள். முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசைக்கும் இந்தப் பக்கத்திலிருந்துதான் கிளை. பிறகு இரண்டாகப் பிரிந்து முன்கையின் அடிப்பக்கமாக ஓடும். இறக்கையைக் குப்புறத் திருப்பி, அதாவது அடிப்பக்கம் தெரியும்படி வைத்தால் பார்க்கலாம். தமனியும் இங்கேதான். ஓவியத்தில் ரேடியலை மேல்பக்கப் படத்திலும் இந்த இரண்டை அடிப்பக்கப் படத்திலும் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழாது.

அல்னா பற்றி ஒன்று. மனிதப் படத்தில் பழகிய கைக்கு இது தவறும். பறவையில் அல்னாதான் தடித்தது, ரேடியஸ் ஒல்லி. அல்னாவின் பின்விளிம்பில் வரிசையாகச் சின்ன மேடுகள் இருக்கும், அங்கேதான் இரண்டாம் நிலைப் பறப்பிறகுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

#17 பைரிப்பித்தன்
இறகு என்று வந்ததும் கேட்கிறேன். இறகுக்கு நரம்பு உண்டா? நகம் மாதிரி செத்த பொருள்தானே. அப்படியென்றால் எதிர்காற்று எங்கே திரும்புகிறது என்று பறவைக்கு எப்படித் தெரிகிறது? ஒரு பருந்து காற்றில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு இறகாகத் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன், கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது.

#18 பழைய_வாத்தியார்
முழுதாய் வளர்ந்த இறகு நகத்தில் இருக்கிற மாதிரி கெரட்டின்தான், நுனியில் தீ வைத்தாலும் வலிக்காது. உயிர் இருப்பது இறகு ஊன்றியிருக்கும் பையில். அந்தப் பையைச் சுற்றி நரம்பு முனைகள் அடர்ந்திருக்கும். இறகை நெம்புகோலாக எண்ணுங்கள். நுனியில் காற்று கொஞ்சம் அசைத்தாலும் வேரில் அழுத்தம் மாறும். கைத்தடியின் நுனியால் தரையைத் தடவிப் பார்க்கிற மாதிரிதான், தடிக்கு உணர்வு இல்லை, பிடித்திருக்கும் கைக்கு இருக்கிறது.

இதற்கென்றே ஒரு தனி வகை இறகும் இருக்கிறது. பறப்பிறகின் அடியில் தோலை விரலால் விலக்கிப் பார்த்தால், முடி போல ஒல்லியாக, நுனியில் மட்டும் சின்னக் குஞ்சம் வைத்த ஒன்றிரண்டு இழைகள் நிற்கும். ஃபிலோப்ளூம் என்பார்கள், நான் நூலிறகு என்று சொல்லிக்கொள்வேன். பறப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெரிய இறகு அசைந்தால் இதுவும் அசையும், இதன் வேரில் உணர்வு முனைகள் குவிந்திருக்கும். பெரிய இறகுக்கு ஒரு உளவாளி என்று வையுங்கள்.

அந்த உணர்வு முனைகளில் முக்கியமானது ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்பு. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற மாதிரி அடுக்கடுக்கான உறை, நடுவில் நரம்பு முனை. மெதுவான அழுத்தத்துக்கு அது சட்டை செய்வதில்லை, வேகமான அதிர்வுக்குத்தான் பதில் கொடுக்கும். கோழியின் இறக்கையில் செய்த சோதனைகளில், இறகு வேர்ப்பையை ஒட்டிய உணர்வு நரம்புகள் காற்று வேகமாக வீசும்போது அதிகமாகத் துடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கழுகுக்கும் இதே வகை உறுப்புகள் இருக்கின்றன.

#19 குறுக்குக்கேள்வி
ஆக இறக்கை என்பது கைகால் மட்டும் இல்லை, மீசையும்கூட. சரி, அடிக்கிற அடி ஒவ்வொன்றையும் மூளை சொல்லிக்கொண்டிருக்கிறதா? இரை நோக்கி விழும்போது அதற்கு நேரம் எங்கே?

#20 தொங்கும்இறக்கை
"தலையறுந்த கோழி போல" என்று சொல்கிறோமே, அதில் பாதி விடை இருக்கிறது. தாளம் தண்டுவடத்திலேயே உருவாகிறது. தலையோடு தொடர்பு அறுந்த பிறகும் இரண்டு இறக்கையும் சேர்ந்தே அடிக்கும். மூளை சொல்வது தொடங்கு, நிறுத்து, இந்தப் பக்கம் சாய் என்ற மாதிரி மேலோட்டமான கட்டளை.

தண்டுவடத்தை நீளமாக எடுத்துப் பார்த்தால் இரண்டு இடத்தில் புடைத்திருக்கும். ஒன்று இறக்கை நரம்புகள் கிளம்பும் இடம், இன்னொன்று கால் நரம்புகள் கிளம்பும் இடம். தீக்கோழியில் கால் புடைப்புதான் பெரியது, பறக்காத பறவைக்கு இறக்கையில் என்ன வேலை. கழுகுக்கு இரண்டுமே வேண்டும்: மேலே இறக்கை, கீழே கொல்கிற கால்.

#21 புதுவரவு
டாக்டர், உங்கள் பெயரே தொங்கும்இறக்கை. ஒரு பறவை இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால் அது நரம்பா எலும்பா என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? ஒரு தடவை நான் எடுத்துப்போன பருந்துக்கு "எலும்பு உடையவில்லை, நாலு நாளில் பறந்துவிடும்" என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். அது பறக்கவே இல்லை.

#22 தொங்கும்இறக்கை
உங்கள் பருந்தை நான் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன்.

முதலில் தூரத்தில் நின்று பார்ப்பேன். இறக்கை எங்கே தொங்குகிறது? நுனி மட்டும் தொங்கினால் மணிக்கட்டு, முன்கை பக்கம் தேடுவேன். தோளிலிருந்தே மொத்தமாகச் சரிந்து, தரையில் இழுபட்டு, பறவை அதைத் தன் உடம்பில் ஒரு பாகம் என்றே எண்ணாத மாதிரி மிதித்துக்கொண்டு நடந்தால், பின்னலே போய்விட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆனால் அவசரப்படக் கூடாது. கோரகாய்டு எலும்பு உடைந்தாலும் பறவையால் இறக்கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது, அது பார்ப்பதற்கு நரம்புக் கேடு மாதிரியே இருக்கும், எக்ஸ்ரேயில் சட்டென்று தப்பிவிடும். கோரகாய்டு உடைந்த பறவைக்கு ஓய்வு கொடுத்தாலே பல சமயம் நன்றாக வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் காப்பாற்றக்கூடிய பறவையைக் கைவிட்டுவிடுவோம்.

அடுத்து வலி. இறக்கை நுனியில் விரலெலும்பை இடுக்கியால் அழுத்துவோம். இறக்கை இழுத்துக்கொண்டால் மகிழ்ச்சி வேண்டாம். அந்த இழுப்பு தண்டுவடம் வரை போய்த் திரும்பும் சிறு வட்டம், மூளைக்குச் செய்தி போயிற்று என்பதற்கு அது சாட்சி இல்லை. பறவை தலையைத் திருப்பி என்னைக் கடிக்க வந்தால்தான் சாட்சி. என் வாழ்க்கையில் கடிபட்டு மகிழ்ந்த ஒரே தொழில் இதுதான். இறக்கை அசையவே இல்லை, பறவையும் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால் நிலைமை மோசம்.

பிறகு மார்பு. நடுவில் மார்பெலும்பின் முகட்டைத் தடவினால் இரு பக்கமும் சதை சமமாக இருக்க வேண்டும். பட்டினி கிடந்த பறவையில் இரண்டு பக்கமும் வற்றியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் குழிந்து, விரல் முகட்டிலிருந்து சறுக்கி உள்ளே விழுந்தால், அந்தப் பக்கத்து பெக்டொராலிஸின் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிப்பேன். அடிபட்ட அன்றைக்கே இது தெரியாது, நாளாக நாளாகத் தெரியும்.

கண்ணிமையையும் பார்ப்பேன். பின்னலின் வேர்கள் தண்டுவடத்திலிருந்து பிய்ந்திருந்தால் சில சமயம் அதே பக்கத்து இமை தொங்கும், ஏனென்றால் கண்ணுக்குப் போகும் ஒரு நரம்புப் பாதை அந்த வட்டாரம் வழியாகத்தான் போகிறது. நாய், பூனையில் இதோடு கண்மணி சுருங்குவதையும் பார்ப்பார்கள். பறவையில் அதை நம்பக் கூடாது. கண்மணித் தசை இங்கே வேறு வகை, பறவை நினைத்தால் சுருக்கும் நினைத்தால் விரிக்கும்.

#23 தொங்கும்இறக்கை
தொடர்ச்சி, பாதியில் ஒரு ஆந்தை வந்துவிட்டது.

நரம்பு அடிபட்டால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 1943-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் மூன்றாகப் பிரித்தார், இன்றும் அதைத்தான் பேசுகிறோம். நரம்பு மிரண்டு வேலை நிறுத்தம் செய்வது ஒன்று, உள்ளே எல்லாம் முழுசாக இருக்கும், வாரக்கணக்கில் திரும்பிவிடும். உள்ளே இழை அறுந்து வெளி உறை மட்டும் நிற்பது இரண்டாவது, உறை வழிகாட்ட இழை மறுபடி வளரலாம். மொத்தமாக அறுவது மூன்றாவது. நான்காவதாக நான் சேர்ப்பது வேரோடு பிடுங்கப்படுவது. இறக்கை பின்னுக்கு முறுக்கி இழுபடும்போது பின்னல் தண்டுவடத்திலிருந்தே கழன்றுவிடும். தைப்பதற்கு முனை கூட மிஞ்சாது. மோதி வரும் பறவைகளில் இதைக் கண்டால் பறக்கும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான்.

இழை மறுபடி வளர்வது பற்றி ஒரு கணக்கு. பாலூட்டிகளுக்குப் பாடநூலில் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். அதையே வைத்துப் பார்த்தால், தோளுக்கருகே அறுந்த நரம்பு 30 செ.மீ. தள்ளி இருக்கும் தசையை அடைய 300 நாள். அதற்குள் தசை நாராகிவிடும், மூட்டு இறுகிவிடும். கூடவே கட்டுப்போட்டே வைத்திருந்தால் முன்விளிம்புத் தோல் சுருங்கிக்கொள்ளும், நரம்பு திரும்பி வந்தாலும் விரிக்க இறக்கை இருக்காது. அதனால்தான் மயக்க மருந்து கொடுத்து, சில நாளுக்கு ஒருமுறை இறக்கையை மெதுவாக விரித்து விரித்து மடக்குகிறோம்.

இரண்டு இறக்கையும் ஒரே நேரத்தில் தொங்கினால், காலும் தள்ளாடினால், அடிபட்டதை மட்டும் எண்ணாதீர்கள். ஈய நஞ்சைச் சோதியுங்கள். வேட்டைக்காரர்கள் விட்டுப்போன உடலைத் தின்ற கழுகின் வயிற்றில் ஈயச் சிதறல்கள் போயிருக்கலாம்.

#24 புதுவரவு
கடிபட்டால் மகிழ்ச்சி என்ற வரியை நினைவில் வைத்திருப்பேன் டாக்டர். அந்தப் பருந்து கடிக்கவில்லை.

#25 தொங்கும்இறக்கை
ம்.

#26 கோட்டோவியன்
மூன்று நாள் உட்கார்ந்து புதிதாக வரைந்துவிட்டேன். சட்டகத்தை மார்பு வரை விரித்தாயிற்று. பின்னலுக்கு நான்கு வேர் போட்டேன், பக்கத்தில் "4 அல்லது 5" என்று எழுதியிருக்கிறேன். முதுகுப்பக்கக் கட்டு செம்பழுப்பு, வயிற்றுப்பக்கக் கட்டு பச்சை. ரேடியலை மேல்பக்கப் படத்தில் எலும்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன், மீடியனும் அல்னாரும் அடிப்பக்கப் படத்தில். ஒரு மூலையில் ஒற்றை இறகின் வேரைப் பெரிதாக்கி, பக்கத்தில் நூலிறகு, வெங்காய அடுக்கு. நாணுக்கு வெள்ளி நிறம், சிரைக்கு நீலம். யாரும் இனி நரம்பு என்று சொல்லக் கூடாது.

#27 பழைய_வாத்தியார்
மிக அருமை. ஒரே ஒரு திருத்தம். சுப்ராகோரகாய்டியஸுக்குப் போகும் நரம்பைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், நாணோடு சேர்த்து, மூன்று எலும்புத் துளை வழியாக நுழைத்திருக்கிறீர்கள். அந்தத் துளையில் போவது நாண் மட்டும். நரம்பு அடியிலிருந்தே தசைக்குள் போய்விடும்.

#28 கோட்டோவியன்
அடடா. மறுபடியும் நாணும் நரம்பும்! அழித்துவிட்டேன். அடுத்த சுவரொட்டி கால். அதில் இந்த வம்பெல்லாம் இருக்காது என்று நம்புகிறேன்.

#29 தொங்கும்இறக்கை
முதலில் சிறுநீரகத்தை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பறவையில் காலுக்குப் போகும் பெரிய நரம்பின் வேர்கள் அதன் ஊடே புகுந்துதான் வெளியே வருகின்றன.